மணி அடித்தால் எடுப்பது யார்? தனியே வாழும் பெரியவரின் வீட்டில் கருவிகள் அமைக்கும் முறை

ஆசையாக வாங்கிக் கொடுத்த அவசரப் பொத்தான் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. கைக்கடிகாரம் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடக்கிறது. கேமரா மட்டும் ஓடுகிறது, அதை யாரும் பார்ப்பதில்லை. பெரியவர் தனியே இருக்கும் வீடுகளில் அடிக்கடி காணும் காட்சி இது. இப்படி ஆவதற்குப் பெரும்பாலும் கருவியின் கோளாறு காரணம் இல்லை. எந்த நேரத்துக்கு, எந்த இடத்துக்கு, யார் பதில் சொல்வதற்கு என்று முடிவு செய்யாமல் வாங்கியதே காரணம். அதனால் கருவிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன் வாங்காமலே செய்யவேண்டிய இரண்டு வேலைகளைச் சொல்லிவிடுகிறோம்.

முதல் வேலை: ஒரு நாளை முழுதாகப் பார்ப்பது

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு, பெரியவர் கண்விழிக்கும் நேரத்திலிருந்து படுக்கும் நேரம்வரை அவருடனேயே வீட்டுக்குள் நடந்து பாருங்கள். எங்கே சுவரைப் பிடிக்கிறார், எந்தப் படியில் தயங்குகிறார், எந்த சுவிட்சை எட்டாமல் விட்டுவிடுகிறார் என்று குறியுங்கள். இரவில் எத்தனை முறை எழுகிறார், அப்போது விளக்கு போடுகிறாரா, கண்ணாடி அணிகிறாரா என்று கேளுங்கள். பகலில் நன்றாக நடப்பவர் இரவில் வேறு ஆளாக இருப்பார். அந்த வேறுபாடு பகலில் வந்துபோகும் பிள்ளைகளின் கண்ணில் படாது.

பிறகு அவரிடமே இரண்டு கேள்விகள் கேளுங்கள். எதற்குப் பயப்படுகிறீர்கள்? எதை விட்டுக்கொடுக்க மாட்டீர்கள்? பதில்கள் நீங்கள் நினைத்ததாக இருக்காது. விழுவதை நினைத்து நீங்கள் கவலைப்படும்போது, அவர் கவலைப்படுவது தொலைபேசி மணி காதில் விழாமல் போவதைப் பற்றியதாக இருக்கலாம். அவர் சொன்ன குறையைத் தீர்க்கும் கருவியை முதலில் வையுங்கள். அது உதவினால் அடுத்ததை ஏற்றுக்கொள்வார். உங்கள் பயத்துக்காக வைக்கும் கருவியை அவர் ஒரு வாரத்தில் கழற்றி வைத்துவிடுவார்.

தொடக்கத்தில் இரண்டு கருவிகளுக்கு மேல் வேண்டாம். ஆறு கருவிகளை ஒரே நாளில் பொருத்தினால் எது தவறாக மணி அடிக்கிறது என்றே தெரியாது. ஒரு மாதம் ஓடட்டும், பிறகு மூன்றாவதைப் பாருங்கள்.

இரண்டாவது வேலை: பதில் சொல்லும் ஆட்களை வரிசைப்படுத்துவது

எந்த அவசரக் கருவியும் செய்வது ஒன்றுதான்: யாரோ ஒருவருக்குச் செய்தி அனுப்புகிறது. அந்த ஒருவர் இல்லாவிட்டால் கருவியால் பயனில்லை. குறைந்தது மூன்று பேர் பட்டியலில் இருக்கவேண்டும். முதல் ஆள், 10 அல்லது 15 நிமிடத்துக்குள் நேரில் வரக்கூடியவர். பெரும்பாலும் இது பக்கத்து வீட்டுக்காரர்தான், வேறு ஊரில் இருக்கும் மகனோ மகளோ அல்ல. இரண்டாவதாகக் குடும்பத்தில் ஒருவர். மூன்றாவது, கட்டணம் வாங்கிக்கொண்டு 24 மணி நேரமும் அழைப்பை எடுக்கும் கண்காணிப்பு மையம். அது கிடைக்காத இடத்தில் அவசர உதவி எண். எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதி மூவரிடமும் கொடுங்கள்: உடனே அழைப்பது, எடுக்காவிட்டால் 5 நிமிடத்தில் மறுபடி அழைப்பது, அப்போதும் எடுக்காவிட்டால் முதல் ஆள் கிளம்புவது.

அடுத்து அந்த மூவரின் கைபேசியையும் வாங்கிச் சரிசெய்யவேண்டும். பலரும் இரவில் கைபேசியை 'தொந்தரவு செய்யாதே' நிலையில் வைத்துவிட்டுத் தூங்குவார்கள். அதிகாலை 3 மணிக்கு வரும் அழைப்பு சத்தமில்லாமல் போய்விடும். ஐஃபோனில் பெரியவரின் தொடர்பைத் திறந்து, திருத்து என்பதை அழுத்தி, ரிங்டோன் பகுதியில் 'எமர்ஜென்சி பைபாஸ்' என்பதை இயக்குங்கள். ஆண்ட்ராய்டில் அவரது தொடர்புக்கு நட்சத்திரக் குறியிட்டு, 'தொந்தரவு செய்யாதே' அமைப்பில் நட்சத்திரத் தொடர்புகளின் அழைப்பை அனுமதியுங்கள். அவசரக் கருவி வேறு எண்ணிலிருந்து அழைக்குமானால் அந்த எண்ணையும் இப்படியே சேர்க்கவேண்டும். சென்சார் செயலிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆண்ட்ராய்டு கைபேசிகள் பேட்டரியை மிச்சப்படுத்த, நெடுநாள் திறக்காத செயலியை உறங்கவைத்துவிடும். அறிவிப்பு மணிக்கணக்கில் தாமதமாகும், அல்லது வரவே வராது. அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள்.

கதவையும் இப்போதே யோசியுங்கள். உதவிக்கு வருபவர் உள்ளே நுழைய முடியாவிட்டால் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் வீண். எண் அழுத்தித் திறக்கும் சாவிப் பெட்டியை வாசலுக்கு அருகே, தெருவிலிருந்து கண்ணில் படாத இடத்தில் திருகாணி போட்டுச் சுவரில் பொருத்தலாம். பேட்டரி தேவையில்லாத இயந்திர வகை நம்பகமானது. ஆனால் இரவில் பெரியவர் உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டால் சாவி இருந்தும் கதவு திறக்காது. தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, உள்ளே திருகியும் வெளியே சாவி போட்டும் திறக்கும் பூட்டு ஒன்றை வையுங்கள். குளியலறைக் கதவு உள்நோக்கித் திறப்பதாக இருந்தால், உள்ளே விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ளும். வெளிநோக்கித் திறக்கும்படி மாற்றுங்கள். முடியாவிட்டால், வெளியிலிருந்து நாணயத்தால் திருகித் திறக்கும் தாழ்ப்பாளையாவது போடுங்கள்; அடைப்பு அதனால் தீராது என்றாலும் உள்ளே பூட்டிக்கொண்டு மயங்கியவரை எட்ட முடியும்.

படுக்கையிலிருந்து கழிப்பறைவரை வெளிச்சம்

செலவு குறைவு, பயன் அதிகம், கற்றுக்கொள்ள எதுவுமில்லை. முதல் கருவியாக இதைத்தான் பரிந்துரைப்போம். ஆள் அசைந்தால் தானே எரியும் சிறிய எல்இடி விளக்குகள் மூன்று அல்லது நான்கு போதும்: கட்டிலுக்கு அடியில் ஒன்று, அறை வாசலில் ஒன்று, நடைபாதையில் ஒன்று, கழிப்பறைக்குள் ஒன்று. தரையிலிருந்து முழங்காலுக்குக் கீழே, சுமார் 30 செ.மீ. உயரத்தில் பொருத்துங்கள். ஒளி தரையில் விழவேண்டும், கண்ணில் விழக்கூடாது. நிறம் மஞ்சள் சார்ந்ததாக, 2700 கெல்வின் அல்லது அதற்கும் குறைவாக இருக்கட்டும். வெள்ளை ஒளி கண்ணைக் கூசவைத்துத் தூக்கத்தையும் கலைக்கும். வயதான கண்ணின் பாவை இருளுக்கும் வெளிச்சத்துக்கும் மாற நேரம் எடுக்கும். எனவே பளிச்சென்று எரியும் ஒரே விளக்கைவிட மங்கலான நான்கு விளக்குகள் மேல்.

இந்த விளக்குகளில் இருப்பது பிஐஆர் சென்சார். உடல் வெப்பம் இடம் மாறுவதை அது உணர்கிறது. அதனால் சென்சாரை நோக்கி நேராக நடந்து வருவதைவிட, அதன் முன்னால் குறுக்கே கடப்பதை எளிதில் பிடிக்கும். நடைபாதையின் முனைச் சுவரில் வைத்தால் ஆள் அருகே வந்தபிறகுதான் எரியும், பக்கச் சுவரில் வைத்தால் சீக்கிரம் எரியும். அறையின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும் கோடை இரவுகளில் உணர்திறன் குறையும். கட்டிலடி விளக்கை, கால் தரையில் பட்டதும் எரியும்படியும், படுக்கையில் புரண்டால் எரியாதபடியும் வையுங்கள். சென்சாரின் மேல்பாதியைக் கறுப்பு ஒட்டுநாடாவால் மறைத்தால் போதும். எரியும் நேரத்தை மாற்ற முடியுமானால் 60 வினாடிக்குக் குறையாமல் வையுங்கள். 20 வினாடியில் அணையும் விளக்கு, மெதுவாக நடப்பவரை நடுவழியில் இருட்டில் நிறுத்திவிடும். அது விளக்கே இல்லாததைவிட ஆபத்து.

விழுந்தபின் எழ முடியாவிட்டால்

விழுவது மட்டுமே ஆபத்து இல்லை. எலும்பு முறியாமலேயே, எழ முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தால் உடலில் நீர் வற்றும், அழுத்தத்தில் தோல் புண்ணாகும், தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைக் கெடுக்கும், குளிர்ந்த தரை உடல் வெப்பத்தைக் குறைக்கும். அவசரப் பொத்தான் இந்த மணிக்கணக்கை நிமிடங்களாகக் குறைப்பதற்காகவே இருக்கிறது.

கழுத்தில் தொங்கும் பொத்தான், கைக்கடிகாரம் என இரண்டு வகை. நினைவு தெளிவாக உள்ளவருக்கும், தினமும் சார்ஜ் போட முடியாதவருக்கும் பொத்தான் நல்லது. அதன் பேட்டரி மாதக்கணக்கில், சிலவற்றில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். வாங்கும்போது பார்க்கவேண்டியவை: நீர்புகாத் தரம் ஐபி67 அல்லது மேல், அடிப்பெட்டியுடன் (பொத்தானின் சமிக்ஞையை வாங்கி அழைப்பு விடுக்கும், வீட்டில் வைக்கும் பெட்டி) இணைவதா, சொந்த சிம் உள்ளதா, சிம் என்றால் 4ஜி உண்டா. பல நாடுகளில் 2ஜி, 3ஜி சேவைகளை நிறுத்திவிட்டார்கள், நிறுத்திக்கொண்டும் இருக்கிறார்கள். பழைய கருவியை மலிவாகக் கொடுத்தால் முதலில் இதைக் கேளுங்கள். கழுத்துக் கயிறு, ஏதாவதில் மாட்டினால் தானே கழன்றுவிடும் வகையாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கட்டில் கம்பியில் சிக்கிக் கழுத்தை இறுக்கும்.

குளியலறைதான் முதன்மை இடம். நனைந்துவிடும் என்று குளிக்கும்போது பொத்தானைக் கழற்றிக் கொக்கியில் மாட்டுவதுதான் மிகப் பரவலான தவறு. 'இதை அணிந்தே குளியுங்கள்' என்று வாய்ச்சொல்லாகச் சொன்னால் போதாது; ஒருமுறை நீங்கள் முன்னால் நின்று குழாயைத் திறந்து நனைத்துக் காட்டுங்கள். அப்படியும் கழற்றுவார் என்றால் குளியலறையில் சுவரோடு ஒட்டித் தரைவரை தொங்கும் இழுகயிறு வையுங்கள். கயிற்றின் முனை தரையிலிருந்து 10 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. அழகுக்காக அதைச் சுருட்டி மேலே கட்டிவிடும் வழக்கம் உண்டு. விழுந்தவர் கைக்கு அது எட்டாது.

கைக்கடிகாரம் தானாக விழுதலைக் கண்டறியும் என்பது அதன் பலம். ஆப்பிள் வாட்ச்சில் இந்த வசதி 2018இல், நான்காம் தலைமுறையில் வந்தது. பலமான விழுதலைக் கண்டபின் ஆள் சுமார் ஒரு நிமிடம் அசையாமல் இருந்தால், எச்சரிக்கை ஒலி எழுப்பிவிட்டு அவசர எண்ணை அழைக்கும். அமைக்கும்போது பிறந்த தேதியைச் சரியாகக் கொடுங்கள்; 55 வயதோ அதற்கு மேலோ என்றால் வசதி தானாகவே இயங்கும். ஆனால் எந்த நிறுவனத்தின் கடிகாரமானாலும், முதியவர்கள் விழும் விதம் அதற்குப் புரியாமல் போகலாம். நாற்காலியிலிருந்து மெல்லச் சரிவது, சுவரைப் பிடித்தபடி வழுக்கி உட்கார்ந்துவிடுவது போன்றவற்றில் பலமான அதிர்வு இல்லை. அதனால் தானியங்கி வசதி இருந்தாலும் கையால் அழைக்கவும் பழக்குங்கள். சார்ஜ் போடும் நேரமும் முக்கியம். இரவில் கழற்றிச் சார்ஜரில் வைத்தால், கழிப்பறைக்கு எழும் நேரத்தில் கை வெறுமையாக இருக்கும். மாலையில் உட்கார்ந்து ஓய்வெடுக்கும் ஒரு மணி நேரத்துக்கு அதை மாற்றுங்கள்.

பொருத்தியவுடன் சோதனை. பெரியவரைத் தரையில் படுக்கச் சொல்லவேண்டாம், நீங்கள் படுங்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், குளியலறைத் தரையில், பின்கட்டில், மாடிப்படி அடியில் என்று ஒவ்வோர் இடத்திலும் படுத்தபடி பொத்தானை அழுத்துங்கள். அடிப்பெட்டியின் ஒலிபெருக்கி அங்கே கேட்கிறதா, நீங்கள் பேசுவது மறுமுனையில் கேட்கிறதா என்று பாருங்கள். கான்கிரீட் சுவர் இரண்டு கடந்தால் சமிக்ஞை வெகுவாகக் குறையும். எட்டாத இடம் ஒன்று இருந்தால் அடிப்பெட்டியை வீட்டின் நடுவுக்கு நகர்த்துங்கள். பிறகு பெரியவரே ஒருமுறை அழுத்திப் பேசட்டும். 'தவறாக அழுத்தினால் திட்டுவார்கள்' என்ற கூச்சம்தான் பலரைத் தேவையான நேரத்தில் அழுத்தவிடாமல் தடுக்கிறது. மாதம் ஒருமுறை சோதனை அழைப்பு என்று வைத்துக்கொண்டால் அந்தக் கூச்சம் போய்விடும்.

கேமரா இல்லாமல் நலம் அறிவது

கேமரா வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: வாசலில் வையுங்கள், வீட்டுக்குள் வேண்டாம். படுக்கையறை, குளியலறை என்ற பேச்சே கூடாது. கூடத்தில் வைப்பதென்றாலும் அவரது முழுச் சம்மதத்தோடு, அவரே மூடித் திறக்கும் மூடியோடு மட்டும். அவர் எழுந்தாரா, நடமாடுகிறாரா என்று தெரிந்துகொள்ளப் படம் தேவையில்லை.

தேவை இரண்டு சென்சார்கள்தான். கதவு சென்சார் இரண்டு துண்டாக வரும்: ஒன்றில் காந்தம், மற்றதில் காந்தத்தை உணரும் சுவிட்ச். மூடிய நிலையில் இரண்டுக்கும் இடைவெளி 1 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒன்று வைத்தால், அவர் எப்போது எழுந்து ஏதேனும் எடுத்தார் என்று தெரியும். இரும்புக் கதவின் மேல் ஒட்டினால் சமிக்ஞை, சென்சார்களின் செய்தியை வாங்கும் வீட்டு மையக் கருவியை எட்டாமல் போகலாம். பக்கவாட்டிலோ மேல் விளிம்பிலோ ஒட்டிப் பாருங்கள். இன்னொன்று மின் அளவு காட்டும் ஸ்மார்ட் பிளக். தினமும் காலையில் தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கெண்டியை அதில் செருகினால், காலைப் பொழுது வழக்கம்போலத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

சென்சார் செயலியில் அறிவிப்பு விதியை இப்படி எழுதுங்கள்: 'காலை 6 மணியிலிருந்து 9:30 வரை கெண்டியும் இயங்கவில்லை, கதவும் திறக்கவில்லை என்றால் எனக்கு அறிவிப்பு.' ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அறிவிப்பு வரும்படி வைக்காதீர்கள். ஒரு நாளைக்கு நாற்பது அறிவிப்பு வந்தால் மூன்றாம் நாளே பார்ப்பதை நிறுத்திவிடுவீர்கள், அது உண்மையான எச்சரிக்கையையும் சேர்த்துப் புதைத்துவிடும். நேர வரம்பை முடிவு செய்யும் முன் இரண்டு வாரம் அறிவிப்பு இல்லாமல் பதிவை மட்டும் பாருங்கள். அவரது மிகத் தாமதமான காலைக்கு மேல் அரைமணி சேர்த்து வரம்பு வையுங்கள்.

இணைக்கும்போது வரும் வழக்கமான தடை: மலிவான பிளக்குகளும் சென்சார்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். உங்கள் கைபேசி 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் இணைப்பு மறுபடி மறுபடி தோற்கும். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸைச் சற்று நேரம் அணைத்துவிட்டு இணைத்து, பிறகு இயக்குங்கள். சூடேற்றும் கருவி எதையும் செருகும் முன் பிளக் தாங்கும் ஆம்பியர் அளவைக் கருவியின் வாட் அளவோடு ஒப்பிடுங்கள். 230 வோல்ட்டில் 2000 வாட் கெண்டி சுமார் 9 ஆம்பியர் இழுக்கும்.

சமையலறை

எரிவாயு அடுப்பு உள்ள வீட்டில் கசிவு அலாரம் வைக்கும் உயரத்தில்தான் தவறு நடக்கிறது. உருளையில் வரும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். அதற்கான அலாரத்தைத் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் வைக்கவேண்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு லேசானது, மேலே ஏறும். அதற்கு உட்கூரையிலிருந்து 30 செ.மீ. கீழே. எரிவாயுவை விட்டு இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறினால் பாத்திரம் எடுத்ததும் அணையும், நேரம் வைத்தும் அணைக்கலாம். தொடுதிரைப் பொத்தான்களைவிடத் திருகு குமிழ் உள்ளதை எடுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் அடுப்பிலிருந்து 60 செ.மீ. தள்ளி நிற்கவேண்டும் என்பதால், வாங்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். பேஸ்மேக்கர் உள்ளவர் கைபேசியைச் சட்டைப் பையில் வைப்பதும் கூடாது, 15 செ.மீ. தூரம் வேண்டும்.

புகை அலாரம் சமையலறைக்குள் வேண்டாம். தாளிக்கும்போதெல்லாம் அலறும், கடைசியில் பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். அங்கே வெப்ப அலாரம், கூடத்திலும் படுக்கையறை வாசலிலும் புகை அலாரம். இன்னொன்றைக் கட்டாயம் கவனியுங்கள்: வழக்கமான அலாரம் சுமார் 3000 ஹெர்ட்ஸ் சுருதியில் கத்தும். வயதில் முதலில் மங்குவது உயர்ந்த சுருதிகளைக் கேட்கும் திறன்தான். காது கேட்கும் கருவியைக் கழற்றிவிட்டு உறங்குபவரை அந்த ஒலி எழுப்பாது. 520 ஹெர்ட்ஸ் தாழ்சுருதி அலாரமோ, தலையணைக்கடியில் அதிரும் தட்டோ தேவை. புகை அலாரத்தின் ஆயுள் பொதுவாக 10 ஆண்டு. பின்புறம் அச்சிட்ட தேதியைப் பாருங்கள்.

மருந்து

நினைவூட்டும் ஒலிபெருக்கி 'மருந்து நேரம்' என்று சொல்லும், அவர் எடுத்தாரா என்று அதற்குத் தெரியாது. எடுத்ததை மறந்து மறுபடி எடுப்பதுதான் எடுக்க மறப்பதைவிடப் பெரிய கவலை. மறதி தொடங்கியவருக்கு, பூட்டிய சுழலும் மருந்துப் பெட்டி பொருத்தமானது. இதில் பெரும்பாலும் 28 அறைகள் இருக்கும். ஒரு நாளைக்கு நான்கு வேளை என்றால் ஒரு வாரம், இரண்டு வேளை என்றால் இரண்டு வாரம் வரும். நேரமானால் ஒலித்து ஓர் அறையை மட்டும் திறக்கும். எடுக்காவிட்டால் குடும்பத்துக்குச் செய்தி போகும் வகையும் உண்டு. நிரப்பும்போது ஒருவர் நிரப்ப, இன்னொருவர் மருத்துவர் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

எல்லா மாத்திரையும் பெட்டிக்குள் போகாது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் கிளிசரில் டிரைநைட்ரேட் மாத்திரை அதன் சொந்தக் கண்ணாடிப் புட்டியிலேயே இருக்கவேண்டும், கைக்கெட்டும் இடத்திலும் இருக்கவேண்டும். இரத்தம் உறையாதிருக்கத் தரும் டபிகாட்ரான் ஈரத்தில் கெடும், அதன் உறையிலிருந்து முன்கூட்டியே எடுக்கக்கூடாது. தண்ணீரில் கரையும் மாத்திரைகளும் அப்படியே. வலித்தால் மட்டும் எடுப்பவற்றைப் பெட்டியில் போடவே கூடாது. ஐயமிருந்தால் மருந்தாளரிடம் முழுப் பட்டியலையும் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

கைபேசியை அவர் கைக்கு ஏற்ப மாற்றுவது

'தொட்டால் வேலை செய்யவில்லை' என்று பெரியவர் சொன்னால் அவர் தவறாகத் தொடுகிறார் என்று முடிவு கட்டாதீர்கள். தொடுதிரை, விரலின் மின்தன்மையை உணர்கிறது. வயதில் வறண்டு தடித்த தோலை அது சில சமயம் உணராது. கையில் ஈரப்பசை தரும் களிம்பு தடவினாலோ, தொடுதிரைப் பேனா கொடுத்தாலோ பல நேரம் சரியாகும். கை நடுக்கம் என்றால் சிக்கல் வேறு: ஒரு தொடுகை இரண்டாகப் பதியும், அல்லது விரல் தங்கிவிட நீண்ட அழுத்தமாகிப் புதிய பட்டியல் திறக்கும். அணுகல்தன்மை அமைப்பில் 'தொட்டுப் பிடிக்கும் நேரம்' என்பதை நீளமாக்குங்கள், மீண்டும் மீண்டும் படும் தொடுகையைப் புறக்கணிக்கும் அமைப்பு இருந்தால் இயக்குங்கள்.

முகப்புத் திரையில் ஒரே பக்கம், ஆறு படங்களுக்கு மேல் இல்லை. மூன்று பேரின் புகைப்படம், தொட்டால் நேரே அழைப்பு. எழுத்தளவைப் பெரிதாக்கியபின் ஒவ்வொரு செயலியிலும் நுழைந்து பொத்தான் திரைக்கு வெளியே போய்விட்டதா என்று பாருங்கள். மிகப் பெரிய எழுத்தில் 'சரி' பொத்தான் மறைந்துபோவது உண்டு. ஐஃபோனில் 2023இல் வந்த ஐஓஎஸ் 17 முதல் 'அசிஸ்டிவ் ஆக்ஸஸ்' என்ற எளிய நிலை இருக்கிறது. சில செயலிகளும் பெரிய படங்களும் மட்டுமே தெரியும். பூட்டிய திரையில் தெரியும்படி மருத்துவத் தகவலை நிரப்புங்கள்: நோய்கள், மருந்துகள், ஒவ்வாமை, அழைக்கவேண்டிய இருவர். பவர் பொத்தானை 5 முறை வேகமாக அழுத்தினால் அவசர அழைப்பு போகும் வசதி, ஆண்ட்ராய்டு 12 முதல் பெரும்பாலான கைபேசிகளில் உள்ளது. இயக்கினால் உடனே அவருடன் ஒத்திகை பாருங்கள். அது எண்ணிக்கொண்டிருக்கும் வினாடிகளில் ரத்து செய்யவும் கற்றுக்கொடுங்கள்.

பேசிக் கேட்டால் பதில் சொல்லும் ஒலிபெருக்கியான குரல் உதவியாளர் கண்பார்வை குறைந்தவருக்குப் பெரிய துணை. ஆனால் வாங்கும் முன் அவரையே பேசவைத்துப் பாருங்கள், அவர் பேசும் மொழியிலும் அவர் குரல் அளவிலும். பற்செட்டு இல்லாமலும் பேசச் சொல்லுங்கள். மெல்லிய குரலை அது உணராவிட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். பல ஒலிபெருக்கிகள் அவசர எண்ணை நேரடியாக அழைக்காது என்பதால் அதை அவசரப் பொத்தானுக்கு மாற்றாக நினைக்கவேண்டாம்.

மின்சாரமும் இணையமும் போனால்

ஃபைபர் இணைப்பில் சுவரோரம் இருக்கும் பெட்டிக்கும் ரூட்டருக்கும் தனித்தனியே மின்சாரம் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து, மின்வெட்டில் பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் ஒரு சிறிய டிசி யூபிஎஸ் போதும். இரண்டின் அடாப்டரிலும் அச்சிட்ட வோல்ட், ஆம்பியர் அளவைப் படியுங்கள், பெரும்பாலும் 12 வோல்ட், 1 முதல் 2 ஆம்பியர். வோல்ட் சரியாகப் பொருந்தவேண்டும், ஆம்பியர் யூபிஎஸ்ஸில் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கவேண்டும். பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே மின்சாரம் வரும், வீட்டில் மின்வெட்டு வந்தாலும் பேசலாம். ஃபைபர் வழி வரும் தொலைபேசிக்கு அது கிடையாது. பெரியவர் அதை அறியாமல் பழைய நம்பிக்கையில் இருக்கலாம். பொருத்தியபின் பிரதான சுவிட்சை அணைத்து, எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள்.

இரத்த அழுத்தக் கருவி

மணிக்கட்டில் கட்டுவதைவிட மேற்கையில் கட்டுவது நம்பகமானது. பட்டையின் அளவு தவறினால் எண்ணும் தவறும்: கைச்சுற்றளவு 22 முதல் 32 செ.மீ. வரை நடுத்தரப் பட்டை, 32 முதல் 42 வரை பெரியது. சிறிய பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் படிய, கை இதய உயரத்தில் இருக்க, பேசாமல் எடுக்கவேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவரின் அளவீட்டைக் கருவி தவறாகக் காட்டலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மோசடி அழைப்பு

தனியே இருப்பவரைத்தான் இவர்கள் தேடுகிறார்கள். ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லக்கூடாது என்பது பெரும்பாலும் தெரியும். 'உங்கள் கைபேசியில் கோளாறு, இந்தச் செயலியை நிறுவுங்கள்' என்று திரையைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை இறக்கவைப்பது பலருக்குத் தெரியாது. புதிய செயலி நிறுவ உங்கள் ஒப்புதல் தேவைப்படும்படி அமைக்கமுடிந்தால் அமையுங்கள், வங்கியில் நாள் வரம்பைக் குறையுங்கள். தெரியாத எண்களை முழுதாக மௌனமாக்குவதில் இழப்பும் உண்டு: மருத்துவமனை அழைப்பும் நின்றுவிடும். அவர் தவறாமல் வாங்கும் அழைப்புகளின் எண்களை முதலில் சேமித்துவிட்டுச் செய்யுங்கள். குடும்பத்துக்குள் ஒரு மறைசொல் வைத்துக்கொண்டால், 'பேரன் பேசுகிறேன், உடனே பணம் வேண்டும்' என்று வருபவனை அவரே பிடித்துவிடுவார்.

மறதி நோய் இருந்தால்

மறதி முற்றிய பிறகு புதிய கருவியைப் பழக்குவது கடினம். தொடக்க நிலையிலேயே, அவருக்கு முடிவெடுக்கும் தெளிவு இருக்கும்போதே சம்மதம் கேட்டுப் பழக்கிவிடுங்கள். வழிதவறுபவருக்கு ஜிபிஎஸ் கருவி வேண்டும். சாவியைத் தேடும் சிறிய புளூடூத் வில்லை போதாது. பக்கத்தில் வேறொருவரின் கைபேசி கடந்தால்தான் அது இருப்பிடம் சொல்லும், ஆள் நடமாட்டமில்லாத சாலையில் மௌனமாக இருக்கும். ஜிபிஎஸ் கருவி வானம் தெரிந்தால் நன்றாக வேலை செய்யும், கட்டடத்துக்குள் பிசகும். தினமும் அணியும் செருப்பிலோ பெல்ட்டிலோ வைத்துவிட்டால் மறப்பதற்கு இடமில்லை. வாசல் கதவு சென்சாரை இரவு 11 முதல் காலை 5 வரை மட்டும் எச்சரிக்கும்படி வையுங்கள். கதவை வெளியே பூட்டிவிடுவது தீ விபத்தில் உயிர்போகும் வழி, ஒருபோதும் செய்யாதீர்கள்.

பேட்டரிப் பட்டியலும் பதிவேடும்

வீட்டில் எந்தக் கருவியில் எந்த பேட்டரி என்று ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள்: சென்சாரில் சிஆர்2032, விளக்கில் ஏஏஏ. சிஆர்2032 வகையில், குழந்தைகள் விழுங்காதிருக்கக் கசப்புப் பூச்சு பூசியவை உண்டு. அந்தப் பூச்சு மின்தொடர்பைத் தடுத்து, புதிய பேட்டரி போட்டும் கருவி இயங்காதபடி செய்யலாம். மறுசார்ஜ் ஏஏஏ பேட்டரி பொதுவாக 1.2 வோல்ட் என்பதால் சில சென்சார்கள் எப்போதும் 'பேட்டரி குறைவு' என்று காட்டும். கருவியின் கணக்குகள், கடவுச்சொற்கள் குடும்பத்தில் இருவருக்காவது தெரியவேண்டும். அமைத்தவர் கைபேசியை மாற்றினாலோ ஊர் மாறினாலோ அத்தனையும் ஒரே நாளில் நின்றுவிடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சென்சார் பதிவுகளை எடுத்து அவரோடு உட்கார்ந்து பாருங்கள். கழிப்பறைக் கதவிலும் ஒரு சென்சார் வைத்திருந்து, இரவில் அங்கே போவது இரண்டிலிருந்து ஐந்தாகியிருந்தால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், நீர் பிரிக்கும் மாத்திரையை மாலையில் எடுப்பதாலும் இருக்கலாம். குளிர்சாதனப் பெட்டி திறக்கும் எண்ணிக்கை குறைந்திருந்தால் அவர் சரியாகச் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். எண்களைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது பெரியவர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள்.